மதுரை நாடு: மலையும் நீரும் மக்களும்

இங்கிலாந்து தேசம் 'கவுண்டி' எனப்படும் பல நாட்டுப் பிரிவுகளைக் கொண்டது. ஒவ்வொரு கவுண்டிக்கும் தனக்கென ஒரு நிலத் தோற்றமும், பேச்சு வழக்கும், விழாக்களும், பழஞ்செய்திகளும் உண்டு. கவுண்டிகளின் வரலாற்றை ஊர் ஊராக ஆராய்ந்து எழுதும் பெருமுயற்சி ஒன்றை அந்நாட்டார் 1899ஆம் ஆண்டில் தொடங்கினர். விக்டோரியா அரசியாரின் பெயரால் வழங்கும் அவ்வரலாற்றுத் தொகுதிகள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் முற்றுப்பெறாமல் இன்றும் எழுதப்பட்டு வருகின்றன. ஓர் ஊரின் ஓடையும் பாதையும் வயலும் எழுதத்தக்க வரலாறு உடையவை என்பதை அம்மக்கள் உணர்ந்துள்ளனர்.

கவுண்டிக்கு நிகரான பிரிவு நம்மிடமும் இருந்தது. அதற்கு 'நாடு' என்றே பெயர். ஊர்கள் பல சேர்ந்தது ஒரு நாடு என்பதைப் பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் காணலாம். அப்பிரிவுகளுள் பல ஏட்டளவில் மறைந்துவிட்டன. எனினும் மேலூர்ப் பகுதியில் இன்றும் மக்கள் வெள்ளலூர் நாடு என்று பேசுகின்றனர். அறுபதை ஒட்டிய ஊர்கள் அந்நாட்டில் அடங்கும். அம்பலகாரர்கள் கூடி முடிவெடுக்கும் வழக்கமும், ஏழைகாத்த அம்மனுக்கு ஊர்கள் எல்லாம் சேர்ந்து விழா எடுக்கும் வழக்கமும் அங்கு இன்னும் நிலைத்திருக்கின்றன.

மதுரை நாட்டைப் பற்றி ஆங்கிலத்தில் இரு பெருநூல்கள் உண்டு. ஜே. எச். நெல்சன் எழுதிய நூல் 1868இலும், டபிள்யூ. பிரான்சிஸ் எழுதிய ஜில்லா விவர நூல் 1906இலும் வெளியாயின. இருவரும் ஆட்சிப் பணியிலிருந்தவர்கள். ஆட்சியின் தேவைக்காக எழுதினார்கள். அவர்கள் கண்ட மதுரை ஜில்லா மிக விரிந்தது. 1910இல் இராமநாதபுரமும், 1985இல் திண்டுக்கல்லும், 1990களின் பிற்பகுதியில் தேனியும் தனித்தனியே பிரிந்தன. நிருவாக எல்லைகள் இவ்வாறு மாறினும் மலையும் ஆறும் தம் எல்லையை மாற்றிக்கொள்வதில்லை. கிராம வளர்ச்சிப் பணியில் இருக்கும் நாம் முதலில் அறிய வேண்டியது அந்த இயற்கை எல்லையையே ஆகும்.

நிலத்தின் இயல்பு

மதுரை நகரில் ஓர் உயரமான இடத்தில் நின்று நோக்கினால் நாற்புறமும் குன்றுகள் தென்படும். வடகிழக்கே படுத்திருக்கும் யானையைப் போன்ற யானைமலை, மேற்கே நெடுகக் கிடக்கும் நாகமலை, தென்மேற்கே பசுமலையும் திருப்பரங்குன்றமும், வடக்கே அழகர்மலை, அதற்கு மேற்கே சிறுமலை. இவற்றிற்கு இடைப்பட்ட சமவெளியின் நடுவே வைகை ஓடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் வருசநாட்டுப் பகுதியில் பிறந்து, ஏறத்தாழ 258 கிலோமீட்டர் ஓடி, இராமநாதபுரம் பெரிய கண்மாயை நிறைத்து, எஞ்சிய நீரை மட்டும் கடலுக்கு அளிக்கும் ஆறு அது. வழி நெடுகிலும் உள்ள ஊர்கள் நீரை வாங்கிக்கொள்வதால், கடலுக்குச் சேரும் பங்கு மிகக் குறைவு.

மண்ணும் ஒரே வகையானதன்று. திருமங்கலம், கல்லுப்பட்டிப் பக்கம் கரிசல் நிலம், பருத்திக்கு ஏற்றது. மேலூர்ப் பக்கம் செம்மண்ணும் பாறையும். சோழவந்தான் பக்கம் ஆற்று நீரால் நெல்லும் தென்னையும் வெற்றிலைக்கொடியும் செழிக்கும். உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரி நிலங்கள் மிகுதி. ஆண்டு மழை சராசரியாக 850 மில்லிமீட்டர் அளவினது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஒருசில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடும். சில நாட்களில் பெய்வதை ஆண்டு முழுவதும் காப்பாற்றுவது எப்படி என்பதே இந்நிலத்தார் முன் என்றும் நின்ற வினா. அதற்கு அவர்கள் கண்ட விடை கண்மாய்.

கண்மாயின் அமைப்பு

கண்மாய் என்பது வெறும் பள்ளமன்று. நன்கு திட்டமிட்ட அமைப்பு. நிலத்தின் சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் கரை எழுப்பப்படும். மேட்டிலிருந்து நீரைக் கொண்டுவருவது வரத்துக்கால். வயலுக்கு நீர் விடுவது மடை. கண்மாய் நிறைந்தபின் மிகுநீர் கரையை உடைக்காமல் வெளியேறுவதற்குக் கல்லால் கட்டப்பட்டது கலுங்கு. கலுங்கு வழிந்து செல்லும் நீர் மறுகால். ஒரு கண்மாயின் மறுகாலே அடுத்த கண்மாயின் வரத்தாகும். இவ்வாறு மேல் ஊர், நடு ஊர், கீழ் ஊர் என்று பல கண்மாய்கள் ஒரே சங்கிலியாகக் கோக்கப்பட்டுள்ளன.

சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் என்னவாகும் என்பதற்கு எங்கள் பணியில் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்லலாம். ஓர் ஊரில் நல்ல மழை பெய்தும் இரண்டு ஆண்டுகள் கண்மாய் நிறையவில்லை. கரையைப் பலப்படுத்தித் தூர்வாரினால் சரியாகும் என்று பலரும் கருதினர். மடை திறந்து நீர் பாய்ச்சும் பணியைத் தலைமுறையாகச் செய்துவந்த முதியவர் ஒருவரோ கண்மாயின் பக்கமே திரும்பாமல், ஒன்றரைக் கிலோமீட்டர் மேற்கே அழைத்துச் சென்று, ஒரு புதிய சாலையைக் காட்டினார். வரத்துக்கால் இருந்த இடத்தின்மேல் குழாய்ப்பாலம் வைக்காமல் சாலை போடப்பட்டிருந்தது. ஆண்டில் பத்து மாதம் வறண்டு கிடக்கும் அவ்வாய்க்கால், சாலை போட்டவர்களின் கண்ணுக்கு வாய்க்காலாகத் தோன்றவில்லை. அங்கே பாலம் அமைத்தபின் அடுத்த மழையிலேயே கண்மாய் நிறைந்தது. இலட்சக்கணக்கில் செலவிட்டுக் கரையை உயர்த்தியிருந்தாலும் ஒரு துளி நீர் கூடியிராது. அந்த முதியவரின் அறிவு எந்தக் கோப்பிலும் எழுதப்பட்டிருக்கவில்லை என்பதை இங்கே கருத வேண்டும்.

நீரைச் சார்ந்த வரலாறு

மதுரையின் பெருமையைப் பேசுவோர் கோபுரங்களையும் சங்கத்தையும் பேசுவர். ஆனால் பாண்டியர் கல்வெட்டுகள் இந்நகரைக் குறிக்கும் முறை வியப்புக்குரியது. 'மாடக்குளக்கீழ் மதுரை' என்று அவை கூறுகின்றன. மாடக்குளம் என்பது நகருக்குத் தென்மேற்கே உள்ள கண்மாய். அரசனின் தலைநகரமே ஒரு கண்மாயின் கீழ்ப்பட்ட ஊராக அடையாளம் காட்டப்பட்டது என்றால், அக்காலத்தார் எதனை முதன்மையாகக் கருதினர் என்பது விளங்கும். வைகையில் கிடைத்த, சேந்தன் என்னும் பாண்டியனின் ஏழாம் நூற்றாண்டுக் கல்வெட்டும் மதகு அமைத்த செய்தியையே கூறுகிறது.

குன்றுகளும் எழுத்தைத் தாங்கி நிற்கின்றன. மேலூர் வட்டத்தின் மாங்குளத்தில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று அறிஞர் கருதுகின்றனர்; சமணத் துறவியர்க்குக் கற்படுக்கை அமைத்துக் கொடுத்ததைக் கூறும் அவற்றில் நெடுஞ்செழியன் பெயர் காணப்படுகிறது. யானைமலையின் அடியில் பாறையைக் குடைந்தமைத்த நரசிங்கப் பெருமாள் கோயில் கி.பி. 770ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மதுரைக்குத் தென்கிழக்கே வைகைக்கு அருகில், சிவகங்கை மாவட்ட எல்லைக்குள் உள்ள கீழடியில் 2015 முதல் நடைபெற்ற அகழாய்வுகள் செங்கல் கட்டடங்களையும் உறைகிணறுகளையும் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளையும் வெளிக்கொணர்ந்தன. அவற்றுள் சில கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று மாநிலத் தொல்லியல் துறை 2019இல் அறிவித்தது. அங்கு அமைந்த அருங்காட்சியகம் 2023இல் திறக்கப்பட்டது. ஒரு தென்னந்தோப்பின் அடியில் இத்தனையும் கிடந்தன என்பதைக் கிராம ஊழியர் ஒவ்வொருவரும் நினைவில் கொள்ளல் நலம்.

பாண்டியருக்குப்பின் சுல்தான்களும், விஜயநகரத்தாரும், 1529 முதல் 1736 வரை நாயக்கர்களும் இந்நாட்டை ஆண்டனர். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் காலத்தில் 1636இல் அரண்மனையும், 1645இல் வண்டியூர்த் தெப்பக்குளமும் எழுந்தன. வைகை நீர் வாய்க்கால் வழியே சென்று அத்தெப்பக்குளத்தை நிறைக்கும்படி அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது. 1801இல் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குச் சென்றது.

வரலாறு என்பது பெருமிதச் செய்திகள் மட்டுமன்று. குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து நின்ற உசிலம்பட்டிப் பகுதியின் பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்து பலர் உயிர் நீத்தனர். 1921 செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில்தான் காந்தியடிகள் ஏழை உழவனின் உடையாகிய அரைவேட்டிக்கு மாறினார். 1939 ஜூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயரின் முயற்சியால் ஒடுக்கப்பட்ட மக்கள் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தனர். கிராமப் பொருளாதாரத்தைப் பற்றிப் புதுநெறி வகுத்த ஜே. சி. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தது கல்லுப்பட்டி காந்திநிகேதன் ஆசிரமத்தில்தான். இவையும் நம் சிறுவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை.

மேற்கே ஓடிய ஆறு கிழக்கே திரும்பியது

கண்மாய்கள் எத்துணை சிறந்தவையாயினும் மழையே பொய்த்தால் அவற்றால் என் செய்ய இயலும்? 1876 முதல் 1878 வரை நிலவிய தாது வருடப் பஞ்சம் இவ்வுண்மையைக் கொடுமையாக உணர்த்தியது. மலைக்கு மேற்கே வீணே கடலில் கலந்த பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் எண்ணம் அதற்குமுன்பே, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இராமநாதபுரம் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளைக்குத் தோன்றியிருந்தது. 1886இல் திருவிதாங்கூர் அரசுடன் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. பொறியாளர் ஜான் பென்னிகுயிக் தலைமையில் 1887இல் தொடங்கிய அணை வேலை 1895இல் நிறைவெய்தியது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வரும் நீர் வைகையில் கலந்து, பேரணையில் பிரிந்து, பெரியாறு பிரதான கால்வாயின் வழியே மேலூர் வரை செல்கிறது. 1959இல் ஆண்டிபட்டிக்கு அருகே வைகை அணையும் எழுந்தது.

பேரணை முதல் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோக நிலமென்றும், மேலூர், திருமங்கலம் பகுதிகளில் 1,05,002 ஏக்கர் ஒருபோக நிலமென்றும் இப்பாசனம் வகுக்கப்பட்டுள்ளது. இங்கும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கால்வாய் நீர் நேரே வயலுக்குச் செல்வதோடு நிற்பதில்லை. பழைய கண்மாய்கள் பலவற்றையும் அது நிறைக்கிறது. புதிய அணை பழைய கண்மாயை நீக்கவில்லை, அதன்மீதே நிற்கிறது. கண்மாய் தூர்ந்துபோனால் அணையில் நீர் இருந்தும் கடைமடை வறளும்.

விழாவும் தொழிலும்

மதுரைச் சீமையின் பண்பாட்டையும் நீரிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. சித்திரை மாதத்தில் அழகர் மலையிலிருந்து இறங்கி, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வந்து, வைகையில் எழுந்தருள்கிறார். வழியில் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். முன்னர் அவர் சோழவந்தானுக்கு அருகிலுள்ள தேனூர் ஆற்றில் இறங்கி வந்தாரென்றும், திருமலை நாயக்கரே அவ்விழாவை மதுரைக்கு மாற்றினாரென்றும் வழிவழியாகக் கூறுவர். வண்டியூரில் உள்ள தேனூர் மண்டபம் அப்பெயரை இன்றும் காத்து வருகிறது. அறுவடை முடிந்த உழவர் மாட்டு வண்டி கட்டி நகருக்கு வந்த விழா இது. நகரமும் நாட்டுப்புறமும் ஆற்று மணலில் ஒன்றாகும் நாள் எனலாம்.

ஊர்களில் நடக்கும் சிறு விழாக்களின் பொருள் இன்னும் நுட்பமானது. கண்மாய்க் கரையில் காவல் நிற்பவர் ஐயனார். புரவியெடுப்புக்கு முன் ஊரார் பிடிமண் கொடுக்க, வேளார் மண்குதிரை செய்வர். கோடையில் நீர் வற்றும்போது மேலூர்ப் பக்கம் மீன்பிடித் திருவிழா நடைபெறும். ஊர்ப் பெரியவர் துண்டை வீசியதும் சுற்றுப்புற மக்கள் ஊத்தா, கச்சா, தூரி முதலியவற்றோடு கண்மாயில் இறங்குவர். பிடித்த மீனை விற்காமல் வீட்டில் சமைத்து உண்பதே வழக்கம். கண்மாய் ஒருவர்க்கு உரியதன்று, எல்லார்க்கும் பொது என்பதை ஆண்டுதோறும் நினைவூட்டும் ஏற்பாடு அது. தை மாதத்தில் அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் நிகழும் சல்லிக்கட்டு உலகறிந்தது.

தொழில்களும் அவ்வாறே. மதுரை மல்லிகை 2013இலும், சோழவந்தான் வெற்றிலை 2023இலும் புவிசார் குறியீடு பெற்றன. சௌராஷ்டிர மக்களின் கைத்திறனாகிய சுங்குடிச் சேலை அதனை 2005இலேயே பெற்றது. குறியீடு பெயரைக் காக்கும். பூவையும் இலையையும் காப்பது அவ்வம்மண்ணும் நீருமே.

அரிட்டாபட்டி தரும் பாடம்

தன் நிலத்தை அறிந்த ஊருக்கு அவ்வறிவே அரண் என்பதற்கு மேலூர் அருகிலுள்ள அரிட்டாபட்டி சான்றாகும். ஏழு குன்றுகள் சூழ்ந்த ஊர் அது. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும், சமணத் தீர்த்தங்கரர் சிற்பமும், பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலும் அங்குள்ளன. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களைச் சேர்ந்த 193.215 ஹெக்டேர் நிலத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக மாநில அரசு அறிவித்தது. 72 நீர்நிலைகளும், 200 இயற்கைச் சுனைகளும், 3 தடுப்பணைகளும், இராஜாளி முதலிய அரிய பறவைகள் உட்பட ஏறத்தாழ 250 பறவையினங்களும் அங்குள்ளதாக அரசின் குறிப்பு கூறுகிறது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில், இப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் கனிமச் சுரங்க ஏலத்தின் முடிவு வெளியாயிற்று. கிராம சபைகள் பல கூடி மறுப்புத் தீர்மானம் இயற்றின. டிசம்பர் 9ஆம் நாள் சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7ஆம் நாள் மேலூர்ப் பகுதி மக்கள் பெருந்திரளாக மதுரை நோக்கிப் பேரணி சென்றனர். அம்மாதம் 23ஆம் நாள் மத்திய அரசு அவ்வேலத்தை ரத்து செய்தது.

கனிமம் நாட்டுக்குத் தேவையன்று என்று எவரும் கூறார். எங்கே தோண்டலாம், எங்கே தோண்டலாகாது என்று தீர்மானிக்கையில், நிலத்தின் மேலுள்ளது என்னவென்று எடுத்துக்காட்ட ஒருவர் வேண்டும். சுனை இத்தனை, கண்மாய் இத்தனை, கல்வெட்டு இவ்விடத்தில், மறுகால் இவ்வழியே என்று அரிட்டாபட்டி மக்களால் சொல்ல முடிந்தது. இவ்வாறு சொல்லத்தக்க ஊர்கள் எத்தனை இருக்கும் என்பதே நம் கவலை.

நாம் செய்ய வேண்டுவன

கண்மாய்களைப் பேணும் கடமை முன்னாளில் குடிமராமத்து என்ற பெயரில் ஊராரிடமே இருந்தது. 2017இல் அரசு அப்பெயரிலேயே பணிகளை மீண்டும் தொடங்கியது. 2006 முதல் ஊரக வேலை உறுதித் திட்டத்தின்கீழும் பல கண்மாய்கள் தூர்வாரப்பட்டன. பணம் வந்தது, ஆட்கள் வந்தனர், ஆனால் எந்த வாய்க்கால் எதனோடு சேர்கிறது என்று காட்டும் குறிப்பு ஊரில் இல்லாவிடில், தூர்வாரிய கண்மாயும் வெறுங்குழியாகவே கிடக்கும்.

ஆதலால் ஒவ்வொரு ஊராட்சியிலும் ஊர்ச்சுவடி ஒன்று எழுதப்பட வேண்டும் என்பது நம் கருத்து. இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், எழுதத் தெரிந்த இளைஞர் நால்வரும் போதும். முதலாவதாக, ஊரின் கண்மாய், ஊருணி, குளம் இவற்றின் பெயர்களையும், ஒவ்வொன்றுக்கும் நீர் வரும் வழியையும் போகும் வழியையும் நடந்து பார்த்து வரைய வேண்டும். இரண்டாவதாக, மடைகளின் பெயரையும், எந்த மடையில் எவ்வளவு நிலம் பாய்கிறது என்பதையும் குறிக்க வேண்டும். மூன்றாவதாக, கல்வெட்டு, நடுகல், பழங்கோயில், தனித்த பானை ஓடுகள் தென்படும் மேடு ஆகியவற்றைத் தொடாமலும் பெயர்க்காமலும் இடம் மட்டும் குறித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். நான்காவதாக, விழா முறைகளையும் கைத்தொழில்களையும் முதியோர் வாய்மொழியாகக் கேட்டு எழுத வேண்டும். பெண்களிடம் கேட்பதை மறக்கலாகாது. எந்தக் கிணறு எந்த மாதம் வற்றும் என்பதை அவர்களே நன்கறிவர்.

எழுதியதைப் பெட்டியில் பூட்டி வைத்தலும் பயனில்லை. கிராம சபையில் படித்துக் காட்டி, பிழைகளைத் திருத்தி, பள்ளிக்கு ஒரு படியும் ஒன்றிய அலுவலகத்துக்கு ஒரு படியும் தருதல் வேண்டும். சாலையோ கட்டடமோ திட்டமிடும்போது பொறியாளர் முதலில் அதனைப் புரட்டிப் பார்க்கும் வழக்கம் ஏற்படுமாயின், முன்னர்க் கூறிய சாலையைப் போன்றவை இனி எழா.

நெல்சனும் பிரான்சிசும் குதிரையிலும் வண்டியிலும் சென்று எழுதிய நூல்களில் நம் ஊர்களுக்குக் கிடைத்தது ஒவ்வொரு வரிதான். பல ஊர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. மீதியை எழுத வேண்டியவர் அங்கு வாழ்பவரே. வரத்துக்கால்களின் வழி தெரிந்த முதியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஐப்பசி மழைக்கு முந்திய புரட்டாசி மாதம் வாய்க்கால்கள் காய்ந்து கிடக்கும்; நடந்து பார்க்க அதுவே ஏற்ற காலம். வரும் புரட்டாசியில் ஒவ்வோர் ஊரிலும் இளைஞர்கள் ஒரு முதியவரை முன்னே நடக்கவிட்டு, அவர் காட்டும் வழியை எழுதிக்கொண்டு பின்னே நடப்பார்களாக.